உங்களுக்குத் தெரியுமா? யோனி இதழ் அறுவை: கூவாகம் முதல் சிங்கப்பூர் வரை

வாய்விட்டுப் பேச நாம் கூசுகிற ஓர் உறுப்பைப் பற்றிய துணுக்குகள் இந்த முறை. தேவையே இல்லாமல் அங்கே கத்தி வைத்துக்கொள்ள நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கத்தி கட்டாயம் தேவைப்பட்டும் முறையான மருத்துவர் கிடைக்காமல் உயிரைப் பணயம் வைத்த திருநங்கையர் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் விவரம் சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

■ கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ஆம் தேதி. விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகமும் புதிய மாவட்டத்துக்கு வந்தது. சாகை வார்த்தலுடன் தொடங்கி 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவில், நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துக்கொள்வதை எல்லோரும் செய்தித்தாளில் பார்த்திருப்போம். அங்கே கூடுகிறவர்களில் பலருக்கு வாழ்க்கையின் மிகப் பெரிய மருத்துவ முடிவு, பால் மாற்று அறுவை சிகிச்சை. அதன் நுணுக்கமான பகுதிகளில் ஒன்றுதான் யோனி இதழ்களை உருவாக்குவது. மருத்துவர்கள் அதை லேபியாபிளாஸ்டி என்கிறார்கள். பிறப்பிலேயே பெண்ணாக இருப்பவர்கள் இதழின் அளவைக் குறைத்துக்கொள்ளும் அறுவைக்கும் இதே பெயர்தான்.

■ கருவில் ஏழாவது வாரம் வரை ஆண், பெண் இருவரின் வெளிப்பிறப்புறுப்பும் ஒரே மாதிரி இருக்கும். பிறகு ஒரே திசு இரண்டு வழியில் வளர்கிறது. பெண்ணில் வெளியிதழாக ஆவது ஆணில் விதைப்பையாகிறது. பெண்ணில் உள்ளிதழாக நிற்பது ஆணில் ஒன்றாக மூடிச் சேர்ந்து ஆணுறுப்பின் அடிப்பக்கமாகிறது. விதைப்பைத் தோலைக் கொண்டு திருநங்கைக்கு வெளியிதழ் அமைக்க முடிவதற்கும், திருநம்பி ஒருவருக்கு வெளியிதழைக் கொண்டு விதைப்பை அமைக்க முடிவதற்கும் காரணம் இந்த உறவுதான்.

■ உள்ளிதழ் எவ்வளவு இருக்க வேண்டும்? 2005-இல் லண்டனில் 50 பெண்களை அளந்து பார்த்தார்கள். நீளம் 2 சென்டிமீட்டரிலிருந்து 10 வரை. அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை. ஐம்பதே பேரில் இவ்வளவு வேறுபாடு! 2018-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 657 பெண்களை அளந்தபோதும் இதே கதைதான்: இதுதான் சரியான அளவு என்று சுட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ஓர் இதழ் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, உள்ளிதழ் வெளியிதழைத் தாண்டித் தெரிவது, ஓரம் கறுத்திருப்பது, எல்லாமே இயல்பு. நம் தோல் நிறத்தாருக்கு ஓரம் கறுத்திருப்பது இன்னும் இயல்பு. வெளுக்க வைக்கிறேன் என்று விற்கப்படும் களிம்புகளை அந்த மெல்லிய தோலில் தடவவே வேண்டாம்.

■ ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பெண்கள் நல அமைப்பு, 2013-இல் 'லேபியா லைப்ரரி' என்ற பெயரில் சாதாரணப் பெண்களின் படங்களைத் தொகுத்து வெளியிட்டது. ஆபாசப் படங்களிலும் திருத்திய புகைப்படங்களிலும் பார்த்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தன் உடம்பில் குறை தேடும் இளம் பெண்களுக்கு உண்மையைக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். தமிழில் அப்படி ஒன்று இல்லாதது பெரிய குறை.

■ உள்ளிதழைக் குறைக்கும் அறுவையில் நான்கைந்து வழிகள் உண்டு. வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழையதும் எளியதும் ஓரத்தை வெட்டி எடுப்பது. பாவாடையின் அடியை வெட்டி ஓரம் தைப்பதைப் போன்ற வேலை. அழகுக்காகச் செய்யப்பட்ட இதழ்க் குறைப்பை ஹாட்ஜ்கின்சன், ஹைட் என்ற இரு மருத்துவர்கள் 1984-இல் எழுதியபோது இந்த வழியைத்தான் சொன்னார்கள். கறுத்த ஓரம் வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் இயற்கையான ஓரம் போய், அதே இடத்தில் தழும்பு வந்து உட்கார்ந்துவிடும். கொஞ்சம் கை தாராளமானால் இதழே இல்லாமல் போய்விடும் அபாயமும் இதில்தான் அதிகம். போனதைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

அமெரிக்க மருத்துவர் கேரி ஆல்டர் 1998-இல் வேறு வழி சொன்னார். ஓரத்தைத் தொடாமல், இதழின் நடுவிலிருந்து ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைத்துத் தைப்பது. ஓரம் இயற்கையாகவே நிற்கும். தழும்பு குறுக்கே ஒரு கோடுதான். ஆனால் தையலில் இழுவிசை அதிகம். தையல் பிரிந்தால் இதழில் ஒரு பள்ளமோ ஓட்டையோ விழும். மேல் பாதியின் நிறமும் கீழ்ப் பாதியின் நிறமும் ஒத்துப்போகாமல் சேருமிடம் பளிச்சென்று தெரிவதும் உண்டு. ஸ்பெயினில் ஹிரால்டோ குழுவினர் 2004-இல் இதே முறையில் தையல் கோட்டை 'இசட்' வடிவத்துக்கு மாற்றினார்கள். கோடு நேராக இல்லாவிட்டால் தழும்பு சுருங்கும்போது இழுப்பு பரவிவிடும்.

2000-ஆம் ஆண்டில் கொரியாவின் சோய், கிம் இருவரும் இன்னும் மென்மையான வழிக்குப் போனார்கள். இதழை முழுத் தடிமனுக்கு வெட்டாமல், நடுப்பகுதியின் இரு பக்கத்திலும் மேல்தோலை மட்டும் சீவி எடுத்துவிட்டு மடித்துத் தைத்தார்கள். உள்ளே ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் தப்பின. ஓரமும் தப்பியது. ஆனால் மிகப் பெரிய இதழுக்கு இது சரிவராது. மடிப்பு விழுந்து இதழ் தடித்துப்போகும்.

அதே ஆண்டில் நெதர்லாந்தின் மாஸும் ஹேஜும் ஓரத்தை நேராக வெட்டாமல் 'டபிள்யூ' வடிவ நெளிவாக வெட்டி, எதிரெதிர்ப் பற்களைப் பொருத்தித் தைக்கும் முறையை வெளியிட்டார்கள். இவர்களில் ஹேஜ், ஆம்ஸ்டர்டாமில் திருநங்கையர், திருநம்பியர் அறுவைகளில் பெயர் பெற்றவர். ஒரு துறையில் கற்ற கை மற்ற துறைக்கு உதவியிருக்கிறது.

■ அப்படியானால் எது சிறந்தது? எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று இல்லை. இதழின் வடிவம், எவ்வளவு குறைக்க வேண்டும், ஓரத்தின் நிறம் குறித்து அந்தப் பெண் என்ன நினைக்கிறார், செய்யும் மருத்துவருக்கு எதில் பழக்கம், இந்த நான்கும்தான் முடிவு செய்யும். எந்த முறையானாலும் தையல் பிரிவது, இரத்தம் கட்டுவது, வலி நீடிப்பது, உணர்ச்சி குறைவது ஆகிய அபாயங்கள் உண்டு. ஏறக்குறைய ஆறு வாரம் உடலுறவு கூடாது. வீக்கம் முழுதும் வடியச் சில மாதங்கள் ஆகும். 'மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடும்' என்ற ரீதியில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

■ பதினெட்டு வயதுக்கு முன் வேண்டாம். பருவமடையும்போது இதழ்கள் மளமளவென்று வளரும், உடம்பின் மற்ற பகுதிகள் பின்னால் வந்து சேரும். பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவர் ராயல் கல்லூரி 2013-இலேயே இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2020-இல் இன்னொன்றையும் வற்புறுத்தியது: தன் தோற்றத்தைப் பற்றிய தீராத மனக்கலக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கலக்கத்துக்கு மருந்து கத்தியில் இல்லை.

■ கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் விறகுச் சுமையோடு இறங்குகிற, கடுக்காய் பொறுக்குகிற, மரவள்ளிக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு அங்கே உரசலும் எரிச்சலும் இருந்தால் அது கற்பனை இல்லை, அழகுப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதழின் நீளமாக இருக்காது. பூஞ்சைத் தொற்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, வியர்வையில் ஊறிய செயற்கை இழைத் துணி, சோப்பு ஒவ்வாமை என்று பல இருக்கும். 'லைக்கன் ஸ்க்ளிரோசஸ்' என்று ஒரு தோல் நோய் உண்டு. தோல் வெளுத்து மெலிந்து, கடும் அரிப்போடு, கவனிக்காமல் விட்டால் உள்ளிதழே கரைந்து காணாமல் போகும். மருத்துவர் எழுதித்தரும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அதற்குக் கேட்கும், கத்தி கேட்காது. வெள்ளிமலையிலிருந்து கரியாலூர், கோமுகி அணை, கச்சிராயப்பாளையம் என்று இறங்கி வரவேண்டிய ஒரு பெண் இதைச் சொல்லக் கூச்சப்பட்டே ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்கிறாள். மலையிலேயே உள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி வழி கடந்த மாதிரி.

■ பெண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது 'வழியே இல்லையே' என்று தாய் பதறுவதுண்டு. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு உள்ளிதழ்கள் இரண்டும் ஒட்டிக்கொள்வது அரிதல்ல. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த வயது, லேசான புண், ஈரம் இவைதான் காரணம். சிறுநீர் தடையின்றிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம், வளர வளரத் தானே பிரியும். தேவைப்பட்டால் மருத்துவர் களிம்பு தருவார். கையால் பிரித்துவிட யாரையும் விடாதீர்கள். வலிக்கும், மறுபடியும் ஒட்டும்.

■ திருநங்கையர் நிர்வாணம் என்று சொல்வது, ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்கிக்கொள்வதை. முன்பு தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால், மயக்க மருந்தில்லாமல், தங்கள் தெய்வமான மாதாவின் பெயரைச் சொல்லி நடந்தது. பிழைத்தவர்களுக்கு நாற்பது நாள் கழித்து மஞ்சள் பூசிச் சடங்கு. 'டாக்டர் நிர்வாணம்' வந்த பிறகும் பல இடங்களில் நடந்தது வெறும் நீக்கல்தான். யோனி கிடையாது, இதழ் கிடையாது, சிறுநீர்த் துவாரம் மட்டும். அது நாளடைவில் தழும்பால் சுருங்கி, சொட்டுச் சொட்டாகப் போவது அவர்கள் அடிக்கடி சொல்லும் துன்பம். இதைச் சரிசெய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் துவாரத்தை விரித்துத் தரலாம். நிர்வாணம் முடிந்து பல வருடம் ஆனவர்களுக்கும் யோனியையும் இதழ்களையும் அமைக்க வழி உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யாவும் அ. ரேவதியும் தங்கள் தன்வரலாறுகளில் இந்த அறுவையைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு, மருத்துவமனைக் கதவு ஏன் முன்பே திறந்திருக்க வேண்டும் என்பது புரியும். நம் மருத்துவர்கள் ஒதுங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஆண்மை நீக்கத்தை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு கொடுங்காயங்களின் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தது.

■ முறையான அறுவைக்கு வழிகாட்டி, மொராக்கோவின் காஸாபிளாங்காவில் மருத்துவமனை நடத்திய பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் புரூ. 1956-இல் ஆணுறுப்பின் தோலை வெட்டி எறியாமல், உள்பக்கம் புறமாகப் புரட்டி யோனியின் உட்சுவராக்கினார். 1973-இல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மற்ற மருத்துவர்கள் முன் விளக்கினார். இன்றும் உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது இதன் வழிவந்த முறைதான். விதைப்பைத் தோல் வெளியிதழாகும். ஆணுறுப்பின் மொட்டிலிருந்து ஒரு சிறு பகுதியை நரம்போடு எடுத்து, பெண்ணின் உணர்ச்சி மிகுந்த உறுப்பான கிளிட்டோரிஸை அமைப்பார்கள். உள்ளிதழுக்கு முன்தோலோ ஆணுறுப்புத் தோலின் மிச்சமோ உதவும்.

■ இதை ஒரே அறுவையில் முடிப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்பது மருத்துவர்களிடையே நெடுநாள் விவாதம். முதல் அறுவையில் தோலைப் புரட்டி உள்ளே இழுத்ததும், வெளியிதழ்கள் இரண்டும் மேல்பக்கத்தில் சேராமல் அகன்று நிற்கும். கிளிட்டோரிஸ் மூடாமல் வெளியே தெரியும். அங்கேயே அப்போதே வெட்டி இணைத்தால் புதிதாக அமைத்த தோலுக்கு வரும் இரத்த ஓட்டம் தடைப்படலாம். எனவே சிலர் மூன்று மாதமோ மேலோ காத்திருந்து, வீக்கம் வடிந்ததும் இரண்டாம் கட்டமாக லேபியாபிளாஸ்டி செய்வார்கள். இதழ்களை மேலே நெருக்கி, கிளிட்டோரிசுக்கு மேல் ஒரு மூடியும் அமைப்பார்கள். ஒரே கட்டத்தில் முடிப்பவர்களுக்கு இன்னொரு மயக்கமருந்து, இன்னொரு செலவு, இன்னொரு விடுப்பு மிச்சம். கூலி வேலை செய்கிற, வாடகை வீட்டிலிருந்து எந்த நேரமும் துரத்தப்படலாம் என்று பயந்து வாழ்கிற ஒரு திருநங்கைக்கு இந்த மிச்சம் சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும், அனுபவம் குறைந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பதைவிட இரண்டு கட்டமாகப் பாதுகாப்பாகச் செய்துகொள்வதே மேல் என்பது என் எண்ணம்.

■ ஆணுறுப்பின் தோல் போதாவிட்டால்? முன்பே நிர்வாணம் ஆனவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெருங்குடலில் ஒரு துண்டை இரத்தக் குழாயோடு இறக்கி யோனியாக்கும் முறை இவர்களுக்கு உதவும். குடலைக் கொண்டு யோனி அமைப்பதை அமெரிக்கரான பால்ட்வின் 1904-இலேயே எழுதியிருந்தார், அது பிறவியிலேயே யோனி இல்லாத பெண்களுக்காக. குடல் தானே ஈரம் சுரக்கும், ஆழமும் கிடைக்கும். ஆனால் வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை அது. சளி போன்ற கசிவும் நீடிக்கலாம். தோலைப் புரட்டும் முறையில் ஈரம் குறைவு. உள்ளே போகும் தோலில் முடி இருந்தால் அங்கேயே வளரும் என்பதால், முன்கூட்டியே முடியை நிரந்தரமாக நீக்கிக்கொள்ள வேண்டும். யோனி ஆழமே வேண்டாம், வெளித்தோற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதழ்களை மட்டும் அமைக்கும் எளிய அறுவையும் உண்டு. இதைப் பல மருத்துவர்கள் தாமாகச் சொல்வதில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

■ சிங்கப்பூரின் முதல் பால் மாற்று அறுவையைச் செய்தவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஷான் ரத்னம், 1971 ஜூலை 30-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒரு திருநங்கைக்கு அதைச் செய்தார். 1973-லேயே அங்கே அறுவை முடிந்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983-இல் பிறந்ததற்கும் அவர் குழுவே காரணம். தமிழ் மருத்துவர்களின் பெருமையைப் பட்டியலிடும் மேடைகளில் இந்த 1971-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

■ அதே சிங்கப்பூரின் இரண்டாவது குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஷியர்ஸ், மகப்பேறு மருத்துவர். யோனி இல்லாமல் பிறந்த பெண்களுக்கு அதை அமைக்கும் முறையொன்றை 1960-இல் வெளியிட்டார். இப்படிப் பிறப்பவர்கள் ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவர். வயது வந்தும் மாதவிலக்கு வராத பெண்ணை 'இருசி' என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மகளிர் நலப் பிரிவு இருக்கிறது.

■ கிளிட்டோரிசின் நரம்பில் 8,000 இழைகள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தக் கணக்கு பசுமாட்டில் பார்த்தது! மனித உடலில் எண்ணியது 2022-இல்தான். அமெரிக்காவின் ஒரேகான் உடல்நல, அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட திருநம்பியர் ஏழு பேர் மனமுவந்து தந்த திசுவில் எண்ணினார்கள். சராசரி 10,281. இதழ் அறுவையில் கத்தி எங்கே போகக்கூடாது என்பதை இனி எல்லாப் பெண்களுக்கும் இன்னும் தெளிவாகச் சொல்ல அந்த ஏழு பேரின் கொடை உதவும்.

■ திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, 2008-இல். அதையொட்டிய ஆண்டுகளில் அரசு மருத்துவமனையிலேயே கட்டணமின்றி அறுவை செய்யும் வசதி வந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இதில் முன்னோடிகள். விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் சென்னை இன்னும் தூரம்தான். அறுவைக்குப் பிந்தைய கவனிப்பாவது மாவட்ட மருத்துவமனையில் கிடைத்தாக வேண்டும்.

■ ஆண், பெண் என்று பிறப்பிலேயே பிரித்துச் சொல்ல முடியாத உறுப்போடு பிறக்கும் குழந்தைக்கு, 'சரிசெய்கிறேன்' என்று சிசுவிலேயே கத்தி வைப்பது வழக்கமாக இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மதுரையில் ஒரு தீர்ப்புச் சொன்னார். தூத்துக்குடித் திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கு அது. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்ற அதே தீர்ப்பில், இந்தக் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை கூடாது என்றும் உத்தரவிட்டார். ஆகஸ்ட் 13-இல் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய, கூடாது. இந்தியாவிலேயே இதுதான் முதல்.

■ பெண் உறுப்புச் சிதைப்பை உலக சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகையில் உள்ளிதழை வெட்டுவதும் வரும். உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படிப்பட்ட சிதைப்புக்கு ஆளானவர்கள் என்று யுனிசெஃப் 2024-இல் கணக்குச் சொன்னது. மருத்துவமனையில் நடக்கும் இதழ்க் குறைப்புக்கும் அதற்கும் கத்தி போகும் இடம் ஒன்றாக இருக்கலாம். வயது வந்தவள், விவரம் தெரிந்து, யார் வற்புறுத்தலும் இல்லாமல் சொன்ன சம்மதம்தான் இரண்டையும் பிரிக்கும் கோடு. கணவனோ மாமியாரோ சொல்லி வரும் பெண்ணிடம் மருத்துவர் தனியாகப் பேசியாக வேண்டும்.

■ அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்த முறை, ஏன் அது? இதே அறுவையை எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள்? தையல் பிரிந்தால் யார் பார்ப்பார்கள், அதற்கும் பணம் உண்டா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? புகைப்பவர்கள் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும், புகை இரத்த ஓட்டத்தைக் கெடுத்துத் தையலைப் பிரிக்கும். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கையர் மாத்திரையின் பெயரையும் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், கடையில் தாமாக வாங்கிப் போட்டதாக இருந்தாலும்.

■ யோனி அமைத்துக்கொண்ட திருநங்கை, 'டைலேட்டர்' என்ற உருளையை முதல் மாதங்களில் தினமும் சில முறை உள்ளே வைத்து எடுக்க வேண்டும். பிறகு வாரத்துக்குச் சில முறை என்று குறையும். ஆனால் முழுதும் விடமுடியாது. விட்டால் வழி சுருங்கும். தனியறை இல்லாத வீட்டில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில் மூத்தவர்கள் புரிந்துகொண்டு இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

■ இந்த அறுவையில் புராஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை. எடுத்தால் சிறுநீரை அடக்கும் திறன் கெடும் என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே ஐம்பதைத் தாண்டிய திருநங்கைக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தால், பெண் வார்டில் சேர்த்தாலும் அந்தச் சுரப்பியையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.